வேஷம் கட்டும் இடம்

நாடகத்தின் பின்புறத்தைக் குழந்தைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் காட்டும் நிகழ்ச்சிகள் நகரத்து அரங்குகளில் அவ்வப்போது நடக்கின்றன. விளக்குகளை ஏற்றி இறக்கிக் காட்டுகிறார்கள். தகரத்தை ஆட்டி இடி முழங்க வைக்கிறார்கள். முகமூடிகளைத் தொட்டுப் பார்க்கக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். அப்படி ஒன்றுக்குப் போய்த் திரும்பும்போது கூட வந்த நண்பர் கேட்டார்: 'எல்லாம் தெரிந்துவிட்டால் அப்புறம் குழந்தைக்கு நாடகத்தில் என்ன மிச்சம்?'

இது படச்சட்ட மேடையோடு நமக்கு வந்து சேர்ந்த கவலை. மூன்று பக்கமும் அடைத்த மேடையில்தான் பின்புறம் என்பது ரகசியமாகிறது. வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துக் கூத்தில் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லை. 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கிய காலம் முதல் கூத்தின் அடவையும் பாட்டையும் பற்றி நம்மிடையே நிறையப் பேச்சு நடந்திருக்கிறது. கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் குழந்தைகள் இந்தப் பேச்சுக்குள் அதிகம் வரவில்லை.

திருவண்ணாமலைக்கு அருகே ஒரு கிராமத்தில் பகடை துகில் கூத்துக்குப் போயிருந்தேன். எட்டு மணிக்கெல்லாம் நடிகர்கள் பாயில் உட்கார்ந்து முகம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். சுற்றிலும் குழந்தைகள். நடிகர் அதட்டுகிறார், ஆனால் விரட்டவில்லை. ஒரு பையன் கையில் கண்ணாடி பிடித்துக்கொண்டிருந்தான். அரிதாரம் பூசி, புருவம் தீட்டி, மீசை எழுதி, இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த கட்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். புஜத்துக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, கடைசியில் கிரீடம். கயிற்றை இன்னொருவர் இழுத்து இறுக்கும்போது துச்சாதனன் பல்லைக் கடித்துக்கொண்டார். நடுவில் டீ வந்தது. வாயோரத்துச் சாயம் கலையாமல் அண்ணாந்து குடித்தார். இத்தனையும் பையனுக்கு ஓரடி தூரத்தில்.

அதற்கப்புறம் இரண்டு பேர் பிடித்த திரைக்குமேல் கிரீடத்தின் நுனி மட்டும் தெரிய, உள்ளேயிருந்து பாட்டு எழுந்தது. திரை விலகித் துச்சாதனன் களத்தில் சுழன்றபோது அதே பையன் தன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டான். டீ குடித்த மனிதர் அவனுக்கு மறந்துபோகவில்லை. தெரிந்திருந்தும் பயந்தான். துகில் உரியும் கட்டம் வந்ததும் நடிகர்களே கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். கட்டையைத் தன் உடம்பில் கட்டிக்கொண்டவருக்கே அச்சம் இருக்கிறபோது, பார்த்துக்கொண்டு நின்ற பையனுக்கு மயக்கம் கலைந்துவிடும் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

படுகளத்தில் இது இன்னும் வெளிப்படை. துரியோதனனின் பெரிய மண்ணுருவத்தை ஊர்க்காரர்களே மண் குவித்துச் செய்கிறார்கள். வெறும் மண்ணாகக் கிடந்தது ஊருக்குத் தெரியும். பிறகு அந்த மண்ணையே வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்களும் உண்டு. செய்யப்பட்டதைக் கண்ணால் கண்டதனால் நம்பிக்கை கெடவில்லை.

பின்புறத்தை மட்டுமே அறிந்த குழந்தைகளும் நம் நாடகத்தில் இருந்திருக்கிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தபோது சிறுவர்கள். அந்த மாதிரிக் கம்பெனிகளில் சாப்பாடும் பாடமும் அடியும் தூக்கமும் திரைக்குப் பின்னால்தான். பார்வையாளர்கள் கைதட்டிய ராஜபார்ட்டுக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். அவனுக்கு வேறு பள்ளிக்கூடம் கிடையாது. பெரிய நடிகர்கள் அங்கிருந்து வந்தார்கள் என்பது உண்மை. வராதவர்களின் கணக்கு நம்மிடம் இல்லை.

இந்தக் கணக்கைத் தீர்க்க முயன்ற ஓரிடம் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் இருந்தது. பெ. ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம், 2002 முதல் 2020 வரை. அங்கே கூத்தோடு பள்ளிப் படிப்பும் உண்டு. ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் குழந்தைகளும் கற்றார்கள். பெண்ணைக் கூத்துக்கு அனுப்பச் சம்மதிக்கும் குடும்பம் அந்தத் தொழிலின் பின்புறத்தை எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்! இரவு முழுவதும் விழிப்பு, ஊர் ஊராகப் பயணம், பருவம் முடிந்தால் வருமானமில்லை.

முதலில் சொன்ன நகரத்து நிகழ்ச்சியில் ஓர் அம்மா, உடைகள் தைக்கும் பெரியவரைக் காட்டி, 'இவருக்கு ஒரு நாளைக்கு என்ன கிடைக்கும்?' என்று கேட்டார். நடத்தியவர் சிரித்து மழுப்பிவிட்டு விளக்குகளின் பக்கம் நகர்ந்தார். அன்று கேட்கப்பட்டவற்றில் பின்புறத்தைத் தொட்ட கேள்வி அது ஒன்றுதான். தகரத்தில் இடி பிறப்பதைக் குழந்தைக்குத் தாராளமாகக் காட்டலாம், நாடகம் அதனால் குறைந்துபோகாது. அந்தத் தகரத்தைத் தினமும் ஆட்டுகிற கையையும் காட்ட வேண்டும். குழந்தையிடம் கயிற்றின் ஒரு முனையையாவது கொடுத்து இழுக்கச் சொல்ல வேண்டும். அம்மாவின் கேள்விக்குத் தொகையைச் சொல்லிப் பதில் தர வேண்டும்.