கணினிக்குள் ஒரு பழைய கணினி

கருக்களாச்சேரியில் எங்கள் வீடு கடலை ஒட்டி இருந்தது. இருந்தது என்றுதான் எழுத முடிகிறது. இன்று நாங்கள் குடியிருப்பது கரையிலிருந்து தள்ளிக் கட்டப்பட்ட வேறு வீடு.

தாத்தா கட்டுமரத்தில் தொழில் செய்தவர், எழுத்தறியாதவர். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுகளைப் பிரித்தறிவார். எத்தனை பாகம் ஆழத்தில் எந்த மீன் படும், கலங்கரை விளக்கமும் கோயில் கோபுரமும் ஒரே கோட்டில் தெரியும் இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் வலையைக் கிழிக்கும் பார் கிடக்கிறது என்பதையெல்லாம் மனக்கணக்காக வைத்திருந்தார். காரைக்கால் நகரில் தட்டச்சுக் கடை நடத்திய சித்தப்பா, 2004ஆம் ஆண்டில் அவற்றைத் தாத்தா சொல்லச் சொல்லக் கணினியில் ஏற்றிவந்தார். நாள்தோறும் வேலை முடிந்ததும் குறுந்தகட்டில் ஒரு படி பதிந்து வைப்பது அவர் வழக்கம். டிசம்பர் 25 இரவும் பதிந்து வைத்தார். மறுநாள் ஞாயிறு காலை ஆழிப்பேரலை வந்தபோது தாத்தா கரையில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லாண்டுகள் கழித்துக் கடையை மூடும்போது சித்தப்பா அந்தக் குறுந்தகட்டை என்னிடம் கொடுத்தார். “தம்பி, ஒன்னால இதத் தொறக்க முடியுமா பாரு” என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

குறுந்தகடு கெடவில்லை. கோப்பு இருந்தது, அதைத் திறக்கத்தான் வழியில்லை. அது பேஜ்மேக்கர் என்னும் பழைய மென்பொருளில் ஆக்கப்பட்டது. என் கணினியில் இயங்குவது லினக்ஸ். கடையிலிருந்த விண்டோஸ் 98 கணினியோ எப்போதோ பழுதாகி, பழைய இரும்புக்குப் போய்விட்டது. அதன் நிறுவல் வட்டுகளை மட்டும் சித்தப்பா பத்திரமாக வைத்திருந்தார்.

இல்லாத கணினியை இருக்கும் கணினிக்குள் உருவாக்குவதே இதற்கு வழி. இதனை மெய்நிகர் இயந்திரம் என்பர். ஒரு மென்பொருள் நம் கணினியின் நினைவகத்தில் ஒரு பங்கையும் வன்தட்டில் ஒரு கோப்பையும் ஒதுக்கி, அவற்றைத் தனிக் கணினிபோலத் தோன்றச் செய்கிறது. உள்ளே இயங்கும் இயங்குதளம் தான் ஓர் உண்மைக் கணினியில் இருப்பதாகவே நம்பி நடந்துகொள்ளும். கருத்து புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் தன் பெருங்கணினிகளுக்காக 1972இலேயே இத்தகைய அமைப்பை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே பெருங்கணினியைப் பலர் தத்தமக்கு உரியதுபோலப் பயன்படுத்தினர். வீட்டுக் கணினிகளுக்கு இவ்வசதி 1999இல் விஎம்வேர் மூலம் வந்தது. நான் பயன்படுத்தியது 2007இல் வெளியான விர்ச்சுவல்பாக்ஸ்.

நினைவகம் தாராளமாக இருக்கட்டும் என்று 1024 மெகாபைட் கொடுத்தேன். விண்டோஸ் 98 தொடங்கவே மறுத்து, ‘நினைவகம் போதவில்லை’ என்றது. இரண்டு மாலைகள் இதிலேயே கழிந்தன. பிறகுதான் காரணம் விளங்கியது: அந்த இயங்குதளம் 512 மெகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைக் கையாளத் தடுமாறும், மிகுதியையே பற்றாக்குறை என்று பிழைபட அறிவிக்கும். 256 ஆகக் குறைத்தேன். மேகங்கள் மிதக்கும் நீலத் திரை எழுந்தது. சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, “சித்தப்பா கடைப் பொட்டியாட்டம் இருக்கே” என்றார்.

ஒவ்வொரு படி முடிந்ததும் இயந்திரத்தின் அந்நேர நிலையைப் பதிந்து வைத்தேன். அடுத்த முயற்சி பிழைத்தால் ஒரே சொடுக்கில் முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஏழெட்டு முறை அவ்வாறு திரும்பினேன். முதல் முறை திரும்பியபோது சற்று நேரம் விசைப்பலகையைத் தொடாமல் அமர்ந்திருந்தேன்.

பேஜ்மேக்கர் ஏறியது, கோப்பும் திறந்தது. எழுத்தை வெளியே கொணர்வது மற்றொரு சிக்கல். விர்ச்சுவல்பாக்ஸின் கோப்புப் பகிர்வு வசதி விண்டோஸ் 98க்கு இல்லை. ஆகவே 1.44 மெகாபைட் நெகிழ்வட்டு ஒன்றையும் மெய்நிகராகவே உருவாக்கி அதில் ஏற்றினேன். வெளியே திறந்தால் தமிழையே காணோம். பாமினி எழுத்துரு ஆங்கிலக் குறியெண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தது. ‘அம்மா’ என்னும் சொல் அதில் எம், கே, அரைப்புள்ளி, மீண்டும் கே, எச் என்றே சேமிக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியில் ‘அ’வுக்கு 2949 என்னும் தனியெண் உண்டு. இப்படி ஒவ்வொன்றையும் மாற்றித் தரும் நிரலைக்கொண்டு மாற்றிய பின், பக்கங்கள் கைப்பேசியிலும் தெரிந்தன.

சித்தப்பா கைப்பேசியில் படிக்க விரும்பவில்லை. மெய்நிகர் இயந்திரத்தின் முன் அமர்ந்தார். ஓரிடத்தில் எழுத்துப்பிழை கண்டு, தயங்காமல் பழைய விசைகளைத் தட்டித் திருத்தினார். கடைசிப் பக்கம் ‘கொண்டல் எழும்பும் நாளில்’ என்பதோடு நின்றிருந்தது.

“கடை அடைக்க நேரமாயிடுச்சு. மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்னாரு” என்றார்.

சுட்டி அந்தச் சொல்லின் அருகே விட்டுவிட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது. கொண்டல் எழும்பும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கக்கூடும். அவரும் கடலுக்குப் போனவர்தாம். விசைப்பலகைமேல் வைத்த விரல்களை எடுத்துக்கொண்டார்.

“இப்படியே இருக்கட்டும் தம்பி.”