வரத்துக்கால் வழியே நடந்து கற்றது

சிவகங்கைச் சீமையில் எங்கள் ஊர்க் கண்மாயின் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கத்தில் சில ஆண்டுகள் பொறுப்பில் இருந்தேன். வட்டார வளர்ச்சி, இயற்கை வளம் என்று மேடைகளில் பேசப்படுவதெல்லாம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குக் காட்டியவை அந்த ஆண்டுகள்தாம்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என ஏறத்தாழ 39,000 நீர்நிலைகள் உள்ளன. எங்கள் பக்கத்தில் அவற்றைத் தொடராகவே அமைத்திருக்கிறார்கள். எங்களுக்கு மேலே உள்ள மேலூரின் கண்மாய் நிரம்பினால் கலுங்கு என்னும் உபரிநீர்ப் போக்கி வழியாக மறுகால் பாய்ந்து எங்கள் கண்மாய்க்கு வரும். எங்களுடையது நிரம்பினால் கீழூருக்குப் போகும். ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்க்கும் மழையைப் பிடித்துவைத்துத் தை வரை நெல்லுக்குக் கொடுக்க வேண்டும். இந்தத் தொடரே அதற்காகத்தான்.

2017இல் அரசு, ஊரார் பங்கேற்போடு நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் கொண்டுவந்தது. வேலை மதிப்பில் 10 விழுக்காட்டை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. பக்கத்து ஊர்களில் வேலை நடப்பதைப் பார்த்து எங்கள் ஊரும் பரபரத்தது. கண்மாயை எவ்வளவு ஆழப்படுத்தலாம் என்பதே கூட்டங்களில் ஒரே பேச்சு. வயல்களுக்கு நீர் பங்கிடும் ஊர் நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னார்: “அப்பு, உள்ள எம்புட்டுத் தோண்டுனாலும் தண்ணி மேல இருந்துதான வரணும்? மொதல்ல வரத்துக்கால் வழியே நடந்து பாருங்க.”

அவரோடு நடந்தோம். சங்கத்தில் இருந்த இளைஞர்களில் பலர், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலை முழுதாகப் பார்த்ததே அன்றுதான். பாதித் தூரத்துக்குச் சீமைக்கருவேலம் அடைத்து நின்றது. ஓரிடத்தில் பாதைக்காகப் போட்ட குழாய் கால்வாயின் தரைமட்டத்துக்கு மேலே இருந்தது. இன்னோரிடத்தில் வரப்பை நகர்த்தி நகர்த்திக் கால்வாயே வயலுக்குள் போயிருந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்த அ-பதிவேட்டில் மட்டும் அது வாய்க்கால் புறம்போக்காக அப்படியே இருந்தது.

மடைக்கு அருகே பெரியவர் இன்னொன்றையும் விளக்கினார். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே நிற்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. ஆடுமாடுகள் குடிக்கும், கிணறுகளில் ஊற்று எடுக்கும். அவையும் வேண்டியவைதாம். ஆனால் அந்த ஆழத்தைப் பாசனக் கணக்கில் சேர்த்துக் கடைமடைக்காரருக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது கலுங்கு விவகாரம். வெள்ள அபாயம் நீங்கிய பிறகு கலுங்குக் கற்களுக்கு இடையே பலகை வைத்து மண் அடைத்து, கொஞ்சம் கூடுதலாக நீரைத் தேக்குவது பழைய வழக்கம். எப்போது அடைப்பது, எவ்வளவு உயரம் என்பதில்தான் சண்டை வரும். மேலூர் முன்கூட்டியே அடைத்தால் எங்களுக்கு வரத்து குறையும். நாங்கள் அப்படிச் செய்தால் கீழூர் காயும். மூன்று ஊர்ப் பெரியவர்களையும் ஒன்றாக உட்காரவைத்தோம். பழைய கோபங்கள் வெளியே வந்தன. சிலர் எழுந்தும் போனார்கள். பிறகு மீண்டும் கூடி, கலுங்கை அடைக்கும் காலத்தையும் உயரத்தையும் மூன்று ஊரும் சேர்ந்தே தீர்மானிப்பது என்று முடிவெடுத்தார்கள்.

நிலமில்லாதவர்களையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்தது மிகவும் சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எங்களிடம் உண்டு. அதை ஒரேயடியாக அழித்தால் அவர்கள் அடுப்பு அணைந்துவிடும். அதனால் வரத்துக்காலில் வெட்டும் வேலையையும் மரத்தையும் அவர்களுக்கே கொடுத்தோம். ஆடு மேய்ப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், மண்பாண்டம் செய்பவர்கள் எல்லாருக்கும் கண்மாயில் பங்கு இருக்கிறது. ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள் மட்டும் கூடி எடுக்கும் முடிவு நிலைக்காது.

அந்த ஆண்டு மழைக்கு எங்கள் கண்மாய் மறுகால் போகவில்லை. ஆனாலும் கடைமடை வயல்கள் வரை ஒரு போக நெல்லுக்குத் தண்ணீர் எட்டியது. மடையைத் திறப்பதும் மூடுவதும் நீர்ப்பாய்ச்சியின் பொறுப்பிலேயே இருந்தன. அறுவடையில் அவருக்கு நெல் அளக்கும் வழக்கத்தை ஊர் மறுபடி ஏற்றுக்கொண்டது.

கண்மாய்க்குப் பணம் ஒதுக்குவது அரசின் கடமை. அதை நாம் கேட்டுப் பெறத்தான் வேண்டும். ஆனால் தொடரில் ஒரு கண்மாயை மட்டும் பிரித்தெடுத்துச் செலவழிக்கும் பணம் வீண். உங்கள் ஊரில் தூர்வாரத் திட்டமிடுகிறீர்கள் என்றால், மதிப்பீடு போடும் முன்பே வரத்துக்காலின் தலைப்பு வரை நடந்துவிட்டு வாருங்கள். போகும்போது மேலூர்க்காரரையும் கீழூர்க்காரரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.