பலிப்பதும் நிறைவேறுவதும்

மூலனூரை அடுத்த ஒரு சிற்றூர். ஒருபுறம் முருங்கைத் தோப்பு, மறுபுறம் வெடித்து நிற்கும் பருத்திக்காடு. ஏழாம் நாள் செபத்தை முடித்துவிட்டு அந்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். இறந்தவர் அக்குடும்பத்தின் தலைவர்; சிறுநீரகம் பழுதுபட்டவர். அவருடைய மூத்த மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்ப்பவன். விடியுமுன் கம்பெனி வேனில் ஏறி, ஊர் அடங்கிய பிறகு திரும்புகிறவன். உறவினர்கள் கலைந்து சென்றபின் என் அருகில் வந்து நின்றான்.

"சாமி, ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளப்பா."

"எங்கப்பா பிழைச்சுக்குவாருன்னு தீர்க்கதரிசனம் சொன்னாங்க. அது பொய்யாப் போச்சுங்க. எசாயா சொன்னது மட்டும் நிறைவேறுச்சுன்னு நான் எப்படிங்க நம்பறது?"

அந்தக் கேள்வியில் எனக்கும் பங்குண்டு. ஒரு மாதத்திற்கு முன் ஏதோ ஒரு செபக்கூட்டத்தில் ஒரு போதகர் அவர் தலைமீது கைவைத்து, நோய் நீங்கிவிட்டது, இனி மருத்துவம் தேவையில்லை என்று 'வாக்கு' உரைத்திருக்கிறார். வாரம் இருமுறை செய்துவந்த டயாலிசிஸை நிறுத்திவிட்டார்கள். அந்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் மனைவி முகமெல்லாம் மலர்ச்சியாக என்னிடம் வந்து இதைச் சொன்னார். "டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கம்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த முகத்தின் ஒளியை அணைக்க மனம் வரவில்லை. அதை இரக்கம் என்று அன்று நினைத்தேன். கோழைத்தனம் என்று இன்று அறிகிறேன். மூன்றே வாரத்தில் அவர் கண்மூடினார்.

மகனின் கேள்விக்கு நான் முதலில் தந்த விடை குருமடத்தில் மனப்பாடம் செய்ததுதான். மீக்கா பெத்லகேமைக் குறித்தார். இயேசு அங்கே பிறந்தார். செக்கரியா கழுதைமேல் வரும் அரசரைக் கண்டார். குருத்து ஞாயிறு அதைக் காட்டியது. இருபத்திரண்டாம் திருப்பாடலில் ஆடைக்குச் சீட்டுப் போடுகிறார்கள், கல்வாரியிலும் போட்டார்கள். இப்படியே அடுக்கினேன். "நடந்ததுக்குப் பின்னால எழுதியிருக்கலாமேங்க?" என்றான். அதற்கும் விடை வைத்திருந்தேன். 1947 ஆம் ஆண்டு சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குகையில் ஆடு மேய்ப்பவர்கள் கண்டெடுத்த தோல்சுருள்களில் எசாயாவின் நூல் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது. ஏழு மீட்டருக்கும் மேல் நீளமுள்ள அச்சுருள், இயேசு பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது. எனவே அவர் பிறந்தபின் எவரும் அதைப் புனைந்திருக்க முடியாது. நான் சொன்னது அனைத்தும் உண்மையே.

"சரிங்க சாமி" என்றான் அவன். கதவை மெல்லச் சாத்துகிற 'சரி' அது.

வண்டியில் திரும்பி வரும்போதுதான் என் பிழை விளங்கியது. எசாயாவை நான் இன்னும் துல்லியமான ஒரு நாடி சோதிடராக அவன்முன் நிறுத்தியிருந்தேன். அவருடைய ஓலை பலித்தது, போதகருடைய ஓலை பலிக்கவில்லை என்பதுதான் என் வாதத்தின் சாரம். குறி கேட்பதையும் நாள் பார்ப்பதையும் இணைச்சட்டம் பதினெட்டாம் அதிகாரம் விலக்குகிறது. அதே அதிகாரம்தான், ஆண்டவர் சொல்லாததை அவர் பெயரால் சொல்பவன் துணிச்சல்காரன் என்று எச்சரிக்கவும் செய்கிறது. குறி சொல்பவர் வருவதை உரைக்கிறார். இறைவாக்கினரோ வருகிறவரை உரைக்கிறார்.

எசாயா ஏழாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கி.மு. 735 அளவில் ஆராமும் இஸ்ரயேலும் சேர்ந்து எருசலேமைத் தாக்க வருகின்றன. அரசன் ஆகாசின் உள்ளம் காற்றில் ஆடும் காட்டுமரம் போல நடுங்குகிறது. இளம்பெண் ஒருத்தி பெறப்போகும் குழந்தை, கடவுள் நம்மோடு இருக்கிறார் என்று பொருள்படும் அதன் பெயர் – இந்த அடையாளம் முதலில் நடுங்கிக்கொண்டிருந்த அந்த அரசனுக்கே தரப்பட்டது. அவனோ அதை நம்பாமல், கோவிலின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரிய மன்னனுக்கு அனுப்பி உதவி தேடினான். வாக்கு மட்டும் மக்களின் நினைவில் தங்கியது. எபிரேயத்தில் 'இளம்பெண்' என்றிருந்த சொல் கிரேக்க மொழிபெயர்ப்பில் 'கன்னி' என்றாயிற்று. ஏழு நூற்றாண்டுகள் கடந்து, மரியாவின் மகனைக் கண்ட மத்தேயு, அது நிறைவேறியது என்று எழுதினார்.

'நிறைவேறியது' என்ற நம் சொல்லில் 'நிறைவு' இருக்கிறது. மத்தேயு ஆண்ட கிரேக்கச் சொல்லும் நிரப்புதல் என்றே பொருள்படும். பாதி நிறைந்த குடம் விளிம்புவரை நிறைவது போன்றது அது. 2001 ஆம் ஆண்டு திருத்தந்தையின் விவிலிய ஆணையம் வெளியிட்ட ஏடும், பழைய ஏற்பாட்டு வாக்குகளை வருங்காலத்தை முன்கூட்டியே எடுத்த புகைப்படங்களாகக் கொள்வது தவறு என்றே கூறுகிறது. குழந்தையாகவும் சிலுவையில் தொங்குபவராகவும் கடவுள் நம்மோடு இருப்பார் என்று ஆகாசின் காலத்தில் எவர் கற்பனை செய்திருக்க முடியும்? கேட்டதைவிடப் பெரிதாகவே வாக்கு நிறைந்தது.

வாக்கைச் சரியாக அறிந்திருப்பதே நம்பிக்கையாகிவிடாது. மெசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டபோது, மறைநூல் அறிஞர்கள் தயங்காமல் மீக்காவைக் காட்டிப் பெத்லகேம் என்றார்கள். எருசலேமிலிருந்து அது பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் அவர்களில் ஒருவர் சென்றதாகவும் நற்செய்தி சொல்லவில்லை. ஏரோது அதே வாக்கைக் கொலைக்குப் பயன்படுத்தினான். திண்ணையில் அமர்ந்து நான் சொன்னதும் அந்த அறிஞர்களின் விடைதான். துயரப்படுகிறவனை நோக்கி ஓரடியும் எடுத்து வைக்காத விடை.

முப்பதாம் நாள் திருப்பலிக்காக மீண்டும் அந்த வீட்டிற்குச் சென்றேன். முதலில் தாயிடமும் மகனிடமும் மன்னிப்புக் கேட்டேன். "அன்னைக்கே நான் தடுத்திருக்கணும்மா" என்றேன். தாய் அழுதார். மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கடவுள் என்னதாங்க வாக்குக் கொடுத்திருக்காரு?" என்றான்.

"உங்கப்பா சாகமாட்டார்னு அவர் சொல்லல தம்பி. சாகும்போதும் கூட இருப்பேன்னு சொல்லியிருக்கார். அதைச் சொல்ல அவரே வந்து செத்துப்போனார்" என்றேன். எசாயா இருபத்தைந்தாம் அதிகாரத்தை எடுத்து அவனையே வாசிக்கச் சொன்னேன். சாவை ஒழித்து, எல்லா முகங்களிலிருந்தும் ஆண்டவர் கண்ணீரைத் துடைப்பார் என்னும் பகுதி அது. வாசித்து முடித்து, "இது இன்னும் நிறைவேறலீங்களே" என்றான்.

உண்மைதான். திருவெளிப்பாட்டின் இறுதிப் பக்கங்களும் அதையே வருங்காலமாகத்தான் சொல்கின்றன. வாள்கள் இன்னும் கலப்பைக் கொழுக்களாகவில்லை. உயிர்த்தெழுந்த கிறிஸ்துவில் கடவுள் தம் வாக்குக்கெல்லாம் 'ஆம்' சொல்லிவிட்டார். அந்த 'ஆம்' நம் ஒவ்வொருவர் கண்ணீரையும் எட்டும்வரை காத்திருக்கிறோம். நிறைவேறியவை நம் வாதத்துக்கான படைக்கலங்கள் அல்ல, நிறைவேறாதவற்றுக்காகக் காத்திருக்க நாம் பெற்றிருக்கும் முன்பணம். எம்மாவு வழியில் இறைவாக்குகள் விளக்கப்பட்டபோது சீடர்களின் உள்ளம் பற்றி எரிந்தது. ஆனால் அப்பம் பிட்கப்பட்டபோதுதான் கண்கள் திறந்தன.

கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலியில், இருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டதைக் கூறும் எசாயாவின் வாசகம் நடந்துகொண்டிருந்தது. வாசற்படி அருகே அவன் நின்றிருந்தான். வேலை முடிந்து நேரே வந்திருக்க வேண்டும். சட்டையில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. நற்கருணை வாங்க வரவில்லை. முடியும்வரை நின்றுவிட்டு, தாயின் கையைப் பிடித்துப் படியிறக்கி அழைத்துச் சென்றான்.