வளைச்ச பலகைக்குள்ள ஒரு குரல்

லயத்துக் காம்பராவில் சத்தத்துக்குச் சுவர் கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. பக்கத்து வீட்டோடு பங்கு போட்ட சுவர். மேலே எல்லாருக்கும் பொதுவா ஓடுற தகரம். நாங்க பாட்டுப் போட்டா நாலு வீடு தள்ளி ஒரு தங்கச்சி ஓ.எல். படிக்க முடியாது, விடியக்காலை பிரட்டுக்குப் போக வேண்டிய அக்காவுக்குத் தூக்கம் கெடும். திருவிழாவுக்கு வாடகைக்கு வர்ற ஆளுயரப் பொக்ஸைக் கேட்டு வளர்ந்தவங்க நாங்க. நல்ல சவுண்ட்னா நெஞ்சுல இடிக்கணும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ஆனா எங்களுக்குத் தேவைப்பட்டது வேற ஒன்னு. சத்தத்தைக் குறைச்சு வச்சாலும் சொல் சொல்லாகக் கேட்கிற ஒரு பொக்ஸ்.

காரணம் ஒரு பாட்டு. 2023இல் மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 வருஷம்னு எல்லா இடத்திலயும் பேச்சா இருந்தது. அந்த வருஷம் நாங்க அஞ்சு பேர் சேர்ந்து, அப்புத்தளைப் பக்கம் எங்க தோட்டத்து வயசானவங்களோட பாட்டை போன்ல பதியத் தொடங்கினோம். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து எடுக்கும்போது பாடுறது, எல்லாம். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சுல வச்சுட்டுப் போனார். அவர் வச்சுட்டுப் போனது சொற்களை. குரல்களையும் வச்சுக்கணும்னு எங்களுக்கு ஆசை.

எங்களில் ஒருத்தியோட அம்மாயி பாடின ஒப்பாரியில ஒரு சொல் பிடிபடல. பாதிப் பேருக்கு அது 'துரையாரு'ன்னு கேட்டது. பாதிப் பேருக்கு 'துறையூரு'. ஒன்னு தோட்டத்துத் துரை. மற்றது திருச்சிப் பக்கத்து ஊர். துரையை நினைச்சு அழுததா, ஊரை நினைச்சு அழுததா? அடுத்த வருஷம் அம்மாயி இறந்துட்டாங்க. கேட்க ஆள் இல்ல. பதிவு மட்டும் இருந்தது.

போன் ஸ்பீக்கர்ல கேட்டா தெளிவில்ல. சங்கத்துப் பொக்ஸ்ல கேட்டா எல்லாம் குடத்துக்குள்ள பேசுற மாதிரி. அப்பதான் நாமளே ஒன்னு செய்வோம்னு இறங்கினோம். யாரோ தூக்கிப் போட்ட மியூசிக் செட்ல இருந்து கழட்டின அஞ்சு அங்குல யூனிட் ரெண்டு கையில இருந்தது. பொக்ஸ்தான் இல்ல.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். ஸ்பீக்கர் கோன் முன்னுக்குத் தள்ளுற அதே காற்றை, பின்னுக்கும் தள்ளுது. பின்னால போற சத்தம் முன்னால வர்றதோட கலந்தா ரெண்டும் ஒன்னை ஒன்னு தின்னுடும். அதைத் தடுக்கத்தான் பொக்ஸ். அதுக்குள்ள மாட்டின சத்தம் சும்மா இருக்குமா? நேருக்கு நேர் நிக்கிற ரெண்டு பலகைக்கு நடுவுல முட்டி முட்டித் திரும்பும். பலகைக்கு நடுவுல 25 செ.மீ. இருந்தா, கிட்டத்தட்ட 685 ஹேர்ட்ஸ்ல அந்த முட்டல் ஒரு நிலையான அலையா நின்னுடும். 20 செ.மீ. இருந்தா 857. அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் பொக்ஸ் தானும் சேர்ந்து பாடும்.

இதுல என்ன பிரச்சினைன்னா, மனுஷக் குரலோட வீடு அங்கதான் இருக்கு. 'ஆ'ன்னு சொல்லும்போது குரலோட பலம் பெரும்பாலும் 700, 900 பக்கம் குவியும். 'ஊ'ன்னு சொன்னா 300, 400க்கு இறங்கும். சின்ன போன் ஸ்பீக்கருக்கு அந்தக் கீழ்ப்பக்கம் எட்டாது. சதுரப் பொக்ஸ் மேல்பக்கத்தை ஊதிப் பெருசாக்கும். ரெண்டுமே 'ஊ'வை 'ஆ' பக்கம் இழுக்கிற வேலைதான். ஊவாவுல இருந்துக்கிட்டு 'ஊ'வைத் தொலைச்சுட்டு நின்னோம்.

வளைச்ச பலகைக்கு வருவோம். வளைவு மூணு வேலை செய்யுது. ஒன்னு, நேருக்கு நேர் சுவர் இல்லாததால முட்டல் ஒரே இடத்துல குவியாம பல இடத்துக்குச் சிதறும். முழுசா ஒழியாது. ஆனா ஒரே ஸ்வரம் மட்டும் தூக்கிக்கிட்டு நிக்காது.

ரெண்டாவது, பலம். இதுக்குப் பாடம் எங்க தலைக்கு மேலயே இருக்கு. சமமான தகரத்தைக் கையில எடுத்தா தொளதொளன்னு ஆடும். அதையே அலை அலையா வளைச்சு லயத்துக்கு மேல போட்டா, ஆள் ஏறி நடந்து கல்லு வைக்கலாம். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவுல ஒன்பது வளைவுப் பாலம் இரும்பு இல்லாம, கல்லும் செங்கல்லும் சீமெந்துமா நூறு வருஷம் தாண்டியும் ரயிலைச் சுமக்குது. வளைஞ்ச பலகை அதே கனத்துச் சமப் பலகையை விட விறைப்பா இருக்கும். விறைப்பா இருந்தா அதிராது. அதிராத பொக்ஸ் தன் குரலைச் சேர்க்காது.

மூணாவது, வெளிப்பக்கம். கோன்ல இருந்து கிளம்புற சத்தம் பொக்ஸோட கூரான ஓரத்துல பட்டு மறுபடி சிதறும். அமெரிக்காவுல ஆர்.சி.ஏ. நிறுவனத்துல இருந்த ஹாரி ஓல்சன் 1950 வாக்குல கோளம், கூம்பு, உருளை, கனசதுரம்னு பன்னிரண்டு வடிவப் பெட்டி செஞ்சு அளந்து பார்த்தார். கோளத்துல சத்தம் சீரா வந்தது; கனசதுரத்துல ஏகப்பட்ட மேடு பள்ளம். இத்தாலியில சோனஸ் ஃபேபர் 1993இல் வீணைக் குடம் மாதிரி வளைஞ்ச ஸ்பீக்கரோட வந்ததும் இந்தப் பாதையிலதான். அதோட விலையை நாங்க தேடிப் பார்க்கல. மனசு கெடும்.

பலகையை வளைக்கப் பல வழி இருக்கு. ஆஸ்திரியாவுல மிக்கேல் தோனெட் ஆவியில வேகவச்சு வளைச்சு 1859இல் 14ஆம் நம்பர் நாற்காலி செஞ்சார். உலகமெல்லாம் தேத்தண்ணிக் கடைக்கும் காப்பிக் கடைக்கும் போனது அது. பலகையின் முதுகுல வாளால கீறல் கீறலாப் போட்டு மடக்குறது இன்னொரு வழி. நாங்க எடுத்தது மூணாவது. மெல்லிசான பிளைவுட்டைப் பசை தடவி அடுக்கி, அச்சு மேல வச்சு இறுக்குறது.

பிளைவுட் எங்களுக்குப் புது ஆள் இல்ல. தோமஸ் லிப்டன் 1890இல் தம்பேதென்னயில தொழிற்சாலை கட்டின காலத்துக்குக் கொஞ்சம் பிறகு, எஸ்டோனியாவின் லூதர் ஆலையில செஞ்ச ஒட்டுப்பலகையை லண்டன்ல 'வெனெஸ்டா'ங்கிற பேர்ல வித்தாங்க. தேயிலைப் பெட்டி செய்யுறதுதான் அந்தப் பலகையோட பெரிய வேலை. காலியான தேயிலைப் பெட்டிகள் சீமையில வேற வேலைக்கும் போச்சு. 1956இல் லிவர்பூல்ல ஜோன் லெனன் தொடங்கின 'குவாரிமென்' குழுவுல, கவுத்து வச்ச தேயிலைப் பெட்டியில ஒரு கம்பும் ஒரு கயிறும் கட்டி பேஸ் வாசிச்சாங்க. நாங்க பறிச்ச கொழுந்து போன பெட்டி அங்க போய் இசைக் கருவியாச்சு. இங்க சாக்குல போக ஆரம்பிச்ச பிறகு பெட்டியையே காணோம்.

ஆகவே வாங்கத்தான் வேணும். 2024இல் நாள் சம்பளம் 1,350 ரூபாவான பிறகும், பிளைவுட் ஷீட்டுக்குப் பல நாள் கொழுந்து எடுக்க வேண்டியிருந்தது. டவுன்ல ஒரு மரக்கடை பாஸ், வெட்டி மிஞ்சின 3 மி.மீ. துண்டுகளைச் சேர்த்து வச்சுத் தந்தார். "வளைக்கிறது கஷ்டமில்ல தம்பி. வளைஞ்சது திரும்பிப் போகாம நிக்கிறதுதான் கஷ்டம்"னு சொன்னார். அதோட, பலகையோட மேல் ரேகை எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்க்கச் சொன்னார். ரேகை பொக்ஸோட உயரத்துக்கு ஓடினா பலகை சுலபமா வளையும். குறுக்கா ஓடினா படக்குன்னு உடையும்.

அச்சுக்குப் பழைய சவுக்கு மரப் பலகை. தேயிலைக்கு நிழலாவும் காத்துக்குத் தடுப்பாவும் அவுஸ்திரேலியாவுல இருந்து கொண்டு வந்து நட்ட மரம் அது. புத்தகத்துல கிரிவில்லியான்னு இருக்கும். ஒரே வளைவுல ஆறு விலா வெட்டி, வரிசையா ஆணி அடிச்சு, மேல சொப்பிங் பேக் விரிச்சோம், பசை அச்சுல ஒட்டாம இருக்க. அதுமேல அஞ்சு அடுக்கு பிளைவுட், நடுவுல வெள்ளைப் பசை. கிளாம்ப் வாங்கக் காசு இல்ல. லொறி டியூபை நாடா நாடாவா வெட்டி, இழுத்து இழுத்துச் சுத்திக் கட்டினோம். ரப்பர் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி அழுத்துது. உண்மையில கிளாம்பை விட வசதி. அடுக்கு கூடக் கூட, கழட்டின பிறகு பலகை நிமிர்ற அளவு குறையும். அஞ்சு அடுக்குல 15 மி.மீ. கனம், நிமிர்ந்தது கொஞ்சமே கொஞ்சம்.

பசை காய்றதுக்கு இங்க மிஸ்ட்தான் எதிரி. மார்கழி, தைக் குளிர்ல வெள்ளைப் பசை இறுகவே இறுகாது. அதனால ஜூலை வரைக்கும் காத்திருந்தோம். ஜூலையில இருந்து செப்டெம்பர் வரைக்கும் இந்த மலையில காய்ஞ்ச காத்து வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தர்ற பருவம் அதுதான். அந்தக் காத்துலதான் எங்க பலகையும் காய்ஞ்சது.

வளைஞ்ச ரெண்டு பக்கத்தையும் பின்னால ஒரு கட்டையில சேர்த்தோம். மேலிருந்து பார்த்தா தோணி மாதிரி. முன்னால அகலம், பின்னால கூர். மேல் பலகையும் கீழ்ப் பலகையும் நேருக்கு நேர் நிக்காம இருக்க, மேல் பலகையைச் சாய்ச்சு வச்சோம். இந்த மாதிரிப் பொக்ஸோட கொள்ளளவை அடிமட்டம் வச்சுக் கணக்குப் போட முடியாது. அரிசியைக் கொட்டி நிரப்பி, பிறகு ஒரு லீட்டர் போத்தலால அளந்தோம். பத்து லீட்டர். எந்த யூனிட்டுக்கு எத்தனை லீட்டர்னு கணக்குப் போட வழி காட்டினது நெவில் தீல் (1961), பிறகு ரிச்சர்ட் ஸ்மோல். ரெண்டு பேரும் அவுஸ்திரேலியாவுல இருந்துதான் எழுதினாங்க.

உள்ளுக்கு என்ன போடுறது? கடையில வித்தது எங்க பட்ஜெட்டுக்கு மேல. கம்பளி ஆட்டு மயிர் சத்தத்தை நல்லாக் குடிக்கும்னு எல்லாரும் எழுதியிருந்தாங்க. கம்பளின்னதும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அம்மாயி மழை மலைக்குப் போத்திக்கிட்டுப் போன பழைய கம்பளி வீட்டுல இருந்தது. கிழிஞ்சு போன பக்கத்தை வெட்டித் தரச் சொல்லி அவங்க மகள்கிட்ட கேட்டோம். முழுசையும் தந்துட்டாங்க.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பொக்ஸும் செஞ்சோம். உள்ளே 25, 20, 20 செ.மீ.; அதுவும் பத்து லீட்டர்தான். அதே வகை யூனிட். ரெண்டுக்கும் உள்ளே ஒன்னும் போடாம, போன்ல டோனைக் கீழிருந்து மேல ஏத்திக்கிட்டே போனோம். சதுரப் பொக்ஸ் 680 தாண்டும்போது ஊளையிட்டது. வளைஞ்சது முணுமுணுத்துட்டு விட்டுடுச்சு. கம்பளி போட்டதும் சதுரமும் நல்லாவே அடங்குச்சு, அதையும் சொல்லணும். அவசரத்துக்கு ஒரு சதுரப் பொக்ஸும் கொஞ்சம் கம்பளியும் போதும். வளைவோட வித்தியாசம் சத்தத்தைக் குறைக்கும்போதுதான் தெரியுது. பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவுல வச்சாலும் சொல் உடையல.

அந்தப் பாட்டைப் போட்டோம். அம்மாயியோட தங்கச்சி, நாங்க சின்ன அம்மாயின்னு கூப்பிடுறவங்க, கதவோரம் வந்து உக்காந்தாங்க. அந்தச் சொல் வந்தது. எங்க அஞ்சு பேருக்கும் 'ஊ'தான் கேட்டது. ஆனா நாங்க ஆசைப்பட்டதைத்தான் கேட்கிறோமோன்னு சந்தேகம். யாரும் வாய் திறக்கல. சின்ன அம்மாயிதான் சொன்னாங்க: "துறையூருதான். எங்க ஆத்தா அங்கயிருந்து வந்தவ. அக்கா அதைப் பாட்டுல மட்டும்தான் சொல்லுவா."

அந்த வீட்டுல யாருக்கும் அது தெரியாது. பிறப்புப் பத்திரத்துல தோட்டத்துப் பேர்தான் இருக்கு. அதுக்கு முன்னால எந்த ஊர்ங்கிறது ஒரு ஒப்பாரிக்குள்ள, ஒரு நெடில் எழுத்துல ஒளிஞ்சுக்கிட்டு இருந்தது.

இந்த வேலையில இன்னொன்னும் கண்ணுல பட்டது. எங்க தப்போட சட்டமும் வளைஞ்ச மரம்தான். வளைவா வெட்டின துண்டுகளை வட்டமாச் சேர்த்து, தகடு அடிச்சு இறுக்கி, அதுமேல தோல் இழுக்கிறது. மரம், வளைவு, இறுக்கம், அதிர்வுன்னு நாங்க படிச்சதெல்லாம் அதுல இருக்கு. லயத்தை எழுப்பினதும், சாவுக்குச் சொன்னதும், காமன் கூத்துக்கு ஆட வச்சதும் அந்தக் கருவி. ஆனா அதைச் செஞ்சவங்களுக்கும் அடிச்சவங்களுக்கும் லயத்துக் கடைசியிலதான் இடம் கொடுத்தோம். இத்தாலிக்காரன் பலகையை வளைச்சா கலை; தப்புக்காரர் வளைச்சா சாதி. எங்க அடுத்த பதிவு அவங்ககிட்டத்தான். பாட்டுக்கு மட்டுமில்ல, சட்டம் செய்யுற விதத்துக்கும்.

அச்சு எங்ககிட்ட பத்திரமா இருக்கு. வேணும்னா வந்து எடுத்துட்டுப் போங்க. அஞ்சு அடுக்குப் பசைக்கு ரெண்டு பேர் கை போதும். பண்டாரவளை, பதுளைப் பக்கம் உங்க தோட்டத்துலயும் பாடத் தெரிஞ்ச ஒரு அம்மாயி இருப்பாங்க. பொக்ஸைப் பிறகு செஞ்சுக்கலாம். இந்தக் கிழமையே போய்ப் பதிஞ்சு வச்சுக்குங்க.