ஷட்டரைத் திறக்கலாம், ஆளை வரச் சொல்லலாமா?

2022-ல் காந்தி ஜெயந்தி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தீபாவளி அக்டோபர் 24. ஜவுளிக்காரர்கள் அந்த மாதத்து ஞாயிறு ஒன்றைக்கூட விட மாட்டார்கள். மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையை ஒட்டிய ஒரு சின்ன ரெடிமேட் கடை அன்று திறந்திருந்தது. ஆறு ஊழியர்கள் வேலையில் இருந்தபோது தொழிலாளர் துறை ஆய்வாளர் உள்ளே வந்தார். பின்னாலேயே விளக்கம் கேட்டு நோட்டீஸ். கடைக்காரர் அதோடு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார்.

"டாஸ்மாக்கும் கறிக்கடையும்தானே சார் மூடணும்? வருஷம் முழுக்கத் திறக்கலாம்னு அரசாங்கமே சொல்லியிருக்கே!"

அந்த அனுமதி பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடைகளுக்கு. இவரிடம் இருந்தது ஆறு பேர். அதைவிட முக்கியம், விடுமுறைக்கென்று 1958-லேயே தனிச் சட்டம் இருக்கிறது: தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களுக்கும் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும். முதலாளி தானே கல்லாவில் உட்கார்ந்து துணி விற்றால் இந்தச் சட்டம் குறுக்கே வராது. ஊழியரை வரச் சொன்னால்தான் வரும். குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் அறிவிப்பு கொடுத்து, கடையில் ஒட்டி, ஆய்வாளருக்கும் நகல் அனுப்பியிருக்க வேண்டும்.

"எல்லாருக்கும் டபுள் சம்பளம் கொடுத்தேன் சார்" என்றார். கொடுத்தது உண்மைதான், ஊழியர்களும் அதையே சொன்னார்கள். ஆனால் அறிவிப்பு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பேச்சுவாக்கில் இன்னொன்றும் வந்தது. திண்டிவனம் பக்கத்துப் பெண் ஒருத்தி, பணம் வேண்டாம், வேறொரு நாள் லீவு கொடுங்கள், ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். "டபுளா தரேன்ல, அப்புறம் என்ன?" என்று இவர் வாயை அடைத்துவிட்டார்.

வழக்கு அங்கேயே முடிந்தது. இரட்டைச் சம்பளமா, அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுப்பா என்று முடிவு செய்யும் உரிமையைச் சட்டம் ஊழியருக்குத் தந்திருக்கிறது. கூடுதல் பணம் கொடுத்தாலும் முதலாளி அந்த உரிமையை எடுத்துக்கொள்ள முடியாது. இழுத்தடிக்காமல் ஒப்புக்கொள்ளச் சொன்னேன், அபராதம் கட்டினார். அந்தப் பெண்ணுக்கு மாற்று விடுப்பும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் போன் செய்தார். அக்டோபர் 2 திங்கட்கிழமை. தீபாவளியோ நவம்பர் 12. "ஆறு பேருக்கு டபுள் சம்பளம் கொடுத்து, திங்கட்கிழமை வியாபாரத்துல என்ன சார் மிஞ்சும்? சாத்திடறேன்" என்றார்.

சாத்தச் சொல்லி நான் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. முந்தின வருஷம் லீவு நாளின் விலையைச் சேர்க்காமல் லாபம் பார்த்தவர், இந்த முறை அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டார், அவ்வளவுதான்.