பனியன் ஊரில் பாலியஸ்டர் சட்டை

மின்வெட்டு என்றால் திருப்பூர்க்காரர்களுக்கு 2012 தான் நினைவுக்கு வரும். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளின் பாதி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத ஆண்டு அது. நாட்டின் மற்ற மின்தொகுப்போடு தென்னகத் தொகுப்பு இணைந்ததே 2013 டிசம்பர் 31 அன்றுதான். அதுவரை வெளியிலிருந்து வேண்டிய அளவு மின்சாரம் கொண்டுவர வழியில்லை. பெரிய கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டரை ஓட்டின. ஜாப் ஒர்க் செய்யும் சிறிய இடங்கள் பலவற்றுக்கு யுபிஎஸ்ஸும் பேட்டரியும்தான் கைகொடுத்தன. மின்வெட்டு குறைந்தும் அந்தத் தேவை போகவில்லை. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் பாதிப் பூவில் நின்றுபோனால், விட்ட இடத்திலிருந்து பிசகாமல் தைப்பது பெரும்பாடு.

அப்படியொரு எம்பிராய்டரி யூனிட் நடத்தும் நண்பர், புது யுபிஎஸ் வரும் நாளில் என்னை அழைத்தார். இறக்கி வைக்கும் பெரியவரைப் பார்க்க வேண்டும் என்றார்.

"ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. காட்டன் சட்டையாட்டம் இருக்குது" என்பதுதான் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. பேட்டரியில் இருப்பது நீர்த்த கந்தக அமிலம். பருத்தியில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போடும்போதுதான் பட்ட இடமெல்லாம் ஓட்டை விழுந்திருக்கும். பாலியஸ்டர் அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. உலகத்துக்கே பருத்தி பனியன் தைத்து அனுப்பும் ஊரில், இந்த வேலைக்கென்றே ஒரு பாலியஸ்டர் சட்டை வைத்திருக்கிறார் அவர். இடுப்பில் ஒரு பொட்டலம் ஆப்பசோடா. அமிலம் சிந்தினால் முதலில் அதைத் தூவ வேண்டும்.

காதர்பேட்டையில் பனியன் பண்டல் தூக்கத் தொடங்கியவர். நூல் மூட்டை, தையல் மெஷின் என்று மாறி, மின்வெட்டுக் காலத்தில் பேட்டரிக்கு வந்திருக்கிறார். "பண்டல் கீழ விழுந்தா எடுத்துக்கலாமுங்க. இது விழுந்தா எடுக்க முடியாது" என்றார்.

மரப்பெட்டியைத் தொடுவதற்கு முன் நான்கு மூலையையும் சுற்றிப் பார்த்தார். நசுங்கல் இருந்தால் சலானில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நண்பரிடம் சொன்னார். கடப்பாரை நுனியால் ஆணிகளை நெம்பி, மேல்பலகையை முதலில் கழற்றினார். யுபிஎஸ்ஸின் அடியில் மூன்று இரும்புக் குழாய்கள் போனதும் அந்தப் பாரம் உருள ஆரம்பித்தது. பின்னால் விடுபடும் குழாயை ஒரு பையன் எடுத்து முன்னால் போட, இன்னொருவர் தள்ள, பெரியவர் கடப்பாரையால் திசை திருப்பினார். வாசற்படியில் மட்டும் பலகை சாய்த்தார்கள்.

பேட்டரிகளை அப்படி உருட்ட முடியாது. 150 ஆம்பியர்-அவர் டியூப்ளர் பேட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும். இரண்டு பக்கமும் கயிற்றுப்பிடி, ஆளுக்கொரு பிடி, படுக்கவிடாமல் நிமிர்த்தியே தூக்க வேண்டும்.

மாடிப்படிக்குக் கீழே, கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நண்பர் இடம் ஒதுக்கியிருந்தார். பெரியவர் பேட்டரியைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, இங்க வெக்கறதுன்னா வேற ஆளப் பாருங்க." சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். பஞ்சுத்தூசி யுபிஎஸ் விசிறியை அடைக்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். இந்தக் கணக்கெல்லாம் அவர் வாயில் வரவில்லை. ஆனால் உப்பி வெடித்த பேட்டரிகளை அவரே சுமந்து வெளியேற்றியிருக்கிறார். கடைசியில் ஜன்னலுள்ள வடக்குச் சுவரோரம், கை நுழைய இடைவெளி விட்டு ரேக் வைத்தார்கள்.

பிறகு எலக்ட்ரீஷியன் வந்தார். பதினைந்து பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 180 வோல்ட். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அது அங்கேயே இருக்கும். அவர் மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தார்.

பில்லைப் பார்த்தேன். பொருத்துக்கூலி என்று ஒரு தொகை இருந்தது. அது யுபிஎஸ் விற்ற ஏஜென்ட்டுக்கு. பெரியவருக்குப் போனது அதில் ஒரு சிறு துண்டு. பழைய பேட்டரிகளையும் அதே கூலிக்குள் அவர்தான் வண்டியேற்றினார். அவற்றின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். ஈயத்துக்கு விலை உண்டு, அதுவும் ஏஜென்ட்டுக்கே. தோளில் ஒரு கிலோகூட ஏற்றாதவர் எடைக்கு எடை காசாக்குகிறார். முதுகு தேய்ந்தவர் "பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று நிற்கிறார்.

ஒரு ஆண் தூக்கும் சுமை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. சுமைப்பணிக்காரர்களுக்கும் சேர்த்துத் தமிழ்நாடு 1982இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றியது. நல வாரியமும் இருக்கிறது. ஆனால் வேலை நடக்கும் இடத்தில் காசைப் பிரிப்பவர் ஏஜென்ட் ஒருவரே.

இதை மாற்ற யுபிஎஸ் வாங்கும் முதலாளிகளால் முடியும். இறக்குக்கூலியைப் பில்லில் தனி வரியாகக் கேளுங்கள். பழைய பேட்டரியை ஏற்றுவதற்கும் தனிக்கூலி எழுதுங்கள். அந்தத் தொகையை ஏஜென்ட் கையில் கொடுக்காமல் சுமந்தவர் கையிலேயே கொடுங்கள். எங்கே வைக்கலாம் என்பதையும் இடம் ஒதுக்கும் முன் அவரிடம் கேளுங்கள். நண்பரின் யூனிட் எரியாமல் இருப்பதற்கு அவர் சொன்ன சொல்லும் ஒரு காரணம். அந்தச் சொல்லுக்கு இதுவரை யாரும் கூலி கொடுத்ததில்லை.