எழுத்து மாறிப்போன பெயர்கள்

2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நின்றுவிட்டன. "எங்கடை கொம்பியூட்டரையும் மாத்த வேணுமாம் அக்கா, கணக்கெல்லாம் போயிடுமோ?" என்று பக்கத்து ஊர்ச் சங்கத்துப் பொருளாளர் என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன். இதே பயத்தில் நான் ஒரு கிழமை நித்திரையில்லாமல் கிடந்திருக்கிறேன்.

எங்கள் மாதர் சங்கத்தின் கணினி, மீள்குடியேறிய பிறகு 2012 இல் எங்களுக்குத் தரப்பட்டது. அப்போது சங்கத்துக்குக் கட்டடம்கூட இல்லை. ஒரு அங்கத்தவரின் தகரக் கொட்டிலில், மழை ஒழுகாத மூலையில் அதை வைத்திருந்தோம். பொருளாளர் என்ற முறையில் நானே எக்செல் பழகி, 38 பெண்களின் சேமிப்பையும் கடனையும் அதில் பதிந்து வந்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், வயது, குடும்ப நிலை, மாதச் சேமிப்பு, கடன் மீதி. எல்லாம் பாமினி எழுத்தில் அடித்தது. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் எல்லோரும் பாமினியில்தான் அடித்தோம்.

2020 ஜனவரியில் அதிலிருந்த விண்டோஸ் 7 இன் காலம் முடிந்தது. அடுத்த மாதம் நகரத்துக் கடையொன்றில் கொடுத்து விண்டோஸ் 10 போட்டோம். "எல்லாம் கிடக்கு அக்கா, ஒண்டும் அழியேல்லை" என்று கடைத் தம்பி சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை. எங்கே கிடக்கிறது என்று நான்தான் கேட்கவில்லை.

வீட்டு வேலை, தோட்ட வேலை என்று ஆறு நாள் பெட்டியைத் திறக்கவேயில்லை. ஆறாம் நாள் திறந்தால், கணக்குக் கோப்புகள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை சங்கக் கூட்டம். இரண்டு பேர் கடன் கேட்டிருந்தார்கள். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் பலருடைய சேமிப்புப் புத்தகங்கள் நனைந்து கூழாகிவிட்டன. யார் எவ்வளவு கட்டினார் என்பதற்கு அந்தக் கோப்பை விட்டால் வேறு சாட்சி இல்லை. மற்றவர்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு. எனக்குக் கை நடுங்கியது.

உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் அயல்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் சி என்ற பகுதியைத் திறந்து, 'விண்டோஸ் ஓல்ட்' என்று பெயரிட்ட ஒரு அடைவைக் காட்டினாள். வன்தட்டைத் துடைக்காமல் புதிய விண்டோஸைப் போட்டால், பழையது முழுவதையும் அப்படி ஒரு மூட்டையாகக் கட்டி வைத்துவிடுமாம். "ஆனா மாமி, இது கனநாள் கிடவாது. பத்து நாளிலை தானே அழிச்சுப்போடும்" என்றாள். ஆறு நாள் ஏற்கெனவே போயிருந்தது!

மூட்டைக்குள் என் பழைய பெயரிலிருந்த அடைவைத் திறக்கப் போனால், உங்களுக்கு அனுமதி இல்லை என்று மறித்தது. என்னுடைய கோப்புக்கு எனக்கே அனுமதி இல்லையாம். இதுவும் பயப்படும் விஷயம் இல்லை என்றாள். பழைய விண்டோஸில் இருந்த ஆளையும் புதிய விண்டோஸில் இருக்கும் ஆளையும், பெயர் ஒன்றாக இருந்தாலும், கணினி வேறு வேறு ஆளாகவே பார்க்கிறது. நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நின்று 'தொடர்க' என்பதை அழுத்த, கொஞ்சம் யோசித்துவிட்டுத் திறந்தது. முதல் வேலையாக எல்லாக் கோப்புகளையும் இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்தோம்.

பிறகு எக்செல் கோப்பைத் திறந்தேன். எண்கள் அப்படியே இருந்தன. பெயர்கள்தான் இல்லை. பெயர் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒன்று. 'அம்மா' என்று அடித்திருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நின்றன. எழுத்துருப் பட்டியலில் லதாவைத் தெரிந்து பார்த்தேன், மாறவில்லை. வைரஸ் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன்.

அது வைரஸ் இல்லை. பாமினியில் நாம் அடிக்கும்போது கணினிக்குள் போய்ச் சேர்வது ஆங்கில எழுத்துதான். எம் என்ற எழுத்துக்கு 'அ' என்ற உருவத்தைப் போர்த்திக் காட்டுவது பாமினி. எக்செல் கோப்பு அந்த எழுத்துருவைத் தன்னோடு கொண்டு திரிவதில்லை, அதன் பெயரை மட்டும் குறித்து வைத்திருக்கும். புதிய விண்டோஸில் பாமினி இல்லாதபடியால் உள்ளே இருந்த ஆங்கில எழுத்து வெளியே தெரிந்தது. பழைய மூட்டைக்குள் விண்டோஸ் என்ற அடைவு, அதற்குள் ஃபொண்ட்ஸ் என்ற அடைவு. அங்கே பாமினி பத்திரமாக இருந்தது. அதைப் புதிதாக நிறுவிவிட்டு எக்செலை மூடித் திறந்தோம். 38 பெயர்களும் வந்தன. நான் அழுதுவிட்டேன். "இதுக்குப் போய் அழுகிறியளே மாமி" என்று அந்தப் பிள்ளை சிரித்தது.

இவ்வளவோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த முறையும் இதே கதைதானே? தொலைபேசிக்கு அனுப்பினாலும் பாமினி வாசிக்க வராது. ஆகவே யுனிகோட்டுக்கு, அதாவது தமிழ் எழுத்துகளுக்கெனச் சொந்த இலக்கங்கள் உள்ள முறைக்கு, மாற்றிவிடுவோம் என்று முடிவெடுத்தோம். இணையத்தில் இதற்கென இலவச மாற்றிகள் இருக்கின்றன. பெண்களின் பெயரும் குடும்ப நிலையும் உள்ள பட்டியலை முன்பின் தெரியாத பக்கத்தில் ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தைத் திறந்தபின் இணைப்பைத் துண்டித்துப் பார்த்தோம். அப்போதும் அது மாற்றித் தந்தது. அதன் பிறகுதான் பட்டியலை ஒட்டினேன்.

என்னுடைய அவசரத்தால் முழுப் பட்டியலையும் ஒரேயடியாக ஒட்டியது பிழை. பாமினியில் 'இ' இருப்பது காற்புள்ளியின் இடத்தில். ஆகவே 1,500 ரூபா என்பது 1இ500 ஆகிவிட்டது. சில அலுவலகக் கடிதங்களில் இப்படி வருவதை நீங்களும் கண்டிருப்பீர்கள், காரணம் இதுதான். அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் உள்ள வி என்ற ஆங்கில எழுத்து 'ஏ' ஆகிவிட்டது. கூட்டுத்தொகையும் வரவில்லை. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, பிரதியிலிருந்து மறுபடி தொடங்கினோம். இந்த முறை தமிழில் அடித்த நிரல்களை மட்டும் மாற்றினோம், எண் உள்ள நிரல்களைத் தொடவில்லை. அந்த இரவு முழுக்க இதுதான் வேலை. தேத்தண்ணி நாலு தரம்.

சரிபார்ப்பதற்கு அடையாள அட்டை இலக்கம் உதவியது. ஒன்பது எண் உள்ள பழைய அட்டையில் முதல் இரண்டு எண்ணும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆகவே எங்கள் பட்டியலில் எல்லோருக்கும் மூன்றாவது எண் ஐந்துக்குக் குறையக்கூடாது. ஒரே ஒருவருக்கு மட்டும் 2 என்று இருந்தது. நான்தான் பிழையாக அடித்துவிட்டேன் என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். சிலர் முகம் கறுத்தது, அது நியாயம்தான். அச்செடுத்த பட்டியலை வைத்து ஒவ்வொருவரின் வரியையும் உரத்து வாசித்தேன். அவரவர் கேட்டு, சரியென்றால் கையொப்பம். 'மதி' என்று முடியவேண்டிய ஒரு பெயரை எட்டு வருடமாக 'வதி' என்று வைத்திருந்தேன். "நான் வேறை ஆரோவின்ரை காசைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறன்" என்று அவர் சொல்ல, கறுத்த முகங்களும் சிரித்தன.

பென்சில் குறித்த வரி வந்தது. அந்த அக்கா எப்போதும் பின்வரிசையில் இருப்பவர். 2012 இல் குடும்ப நிலைக்கு 'விதவை' என்று அடிக்கப் போனபோது, "அப்பிடிப் போடாதை பிள்ளை" என்று என் கையைப் பிடித்தவர். 'கணவர் இன்னும் வரவில்லை' என்று அடித்திருந்தேன். அதை வாசித்தேன். தலையாட்டினார். அடையாள அட்டை இலக்கத்தை வாசித்துவிட்டு, "இது ஆம்பிளையளின்ரை இலக்கம் மாதிரிக் கிடக்கு அக்கா, நான் பிழையா அடிச்சுப்போட்டன்" என்றேன்.

"இல்லைப் பிள்ளை, நீ பிழை விடேல்லை" என்றார். இடம்பெயர்வில் அவருடைய அட்டை தொலைந்திருந்தது. நான் இலக்கம் கேட்டபோது, அவருக்கு மனப்பாடமாக வந்தது கணவரின் இலக்கம். தேடிப் போன இடமெல்லாம், நிரப்பிய படிவமெல்லாம் அதையே எழுதி எழுதி, வாய் அதைத்தான் சொல்லியிருக்கிறது. தன்னுடைய புதிய அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார்.

சரியான இலக்கத்தை எழுதிக்கொண்டு, பழையதை வெட்டப் பேனையை வைத்தேன்.

"அதை வெட்டாதை. பக்கத்திலை கிடக்கட்டும்."

அன்றிரவு கோப்பில் புதிதாக ஒரு நிரல் சேர்த்தேன். அதற்குத் தலைப்பு எதுவும் போடவில்லை. அந்த இலக்கம் அதில் இருக்கிறது. கடைசியிலுள்ள வி, வி ஆகவே இருக்கிறதா என்று மட்டும் இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன்.